கைக்கணினிக்கு இலவசப் பூட்டு: வணிகர்கள் அறிய வேண்டியவை



மாட்டுத்தாவணியில் துண்டு போட்டு விலை பேசுவதைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. சுற்றிலும் நூறு பேர் நிற்பார்கள். வாங்குபவரும் விற்பவரும் தரகரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தே பேரத்தை முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு கைகள் துண்டுக்குள் அசைவது தெரியும், விலை தெரியாது. இன்று கணினித் துறையில் 'குறியாக்கம்' என்று சொல்வதும் இந்தக் காரியம்தான். தகவல் எல்லோர் கண்முன்னும் கிடக்கும், யார் கையில் வேண்டுமானாலும் சிக்கும். ஆனால் சாவி உள்ளவருக்கு மட்டுமே அது பொருள் தரும்.

நம் பையில் கிடக்கும் செல்போன் பேசுவதற்கான கருவி மட்டும் அல்ல, ஒரு கைக்கணினி. கொள்முதல் விலை, யார் யாரிடம் எவ்வளவு பாக்கி, வங்கிக் கணக்கு எண், ஜி.எஸ்.டி. தளத்துக்கான கடவுச்சொல், வாடிக்கையாளர் செல் எண்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கல்லாப் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போடுகிற நாம் இதற்கு என்ன பூட்டுப் போட்டிருக்கிறோம்? காசு கொடுக்காமல் நல்ல பூட்டு கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் நல்ல பூட்டு அல்ல. வேறுபாட்டை எப்படிக் கண்டுகொள்வது என்பதே இந்தப் பாடம்.

பத்தெழுத்துச் சொல்

பழைய கடைகளில் சரக்கின் மேல் அடக்க விலையைச் சங்கேதமாக எழுதும் வழக்கம் உண்டு. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றைத் தேர்ந்துகொள்வார்கள். 'திருவேங்கடமுடையான்' என்பதை எடுத்துக்கொள்வோம். தி என்றால் 1, ரு 2, வே 3, ங் 4, க 5, ட 6, மு 7, டை 8, யா 9, ன் பூஜ்யம். மூட்டை மேல் 'வே.மு.க.' என்று இருந்தால் 375 ரூபாய். பார்ப்பவருக்கு யாரோ ஒருவரின் முதலெழுத்துகள் போலத் தோன்றும். பொன்னைப் 'பறி' என்று பொற்கொல்லர்கள் சொல்வதை நன்னூல் உரைகள் குழூஉக்குறிக்கு உதாரணமாகக் காட்டுவதைப் பள்ளியில் படித்திருப்போம். அதற்கு ஒரு படி மேலானது இது.

இப்படிப் பத்து எழுத்துகளைப் பத்து எண்களுக்குப் பொருத்த 36,28,800 வழிகள் உண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை வராது. ஆனாலும் நல்ல கணக்கு மூளையுள்ள கடைப் பையன் ஒரே நாளில் இதை உடைத்துவிடுவான். நம் விலைகள் பெரும்பாலும் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடியும். ஐம்பது சீட்டுகளைப் பார்த்தால் கடைசியில் 'ன்', 'க' இரண்டும் அடிக்கடி வருவது தெரிந்துவிடும். ஏதாவது ஒரு சரக்கின் உண்மை விலை காதில் விழுந்தால் மேலும் மூன்று எழுத்துகள் போயின. சாவிகளின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, பூட்டின் அமைப்பும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பத்தெழுத்துச் சொல் முறை ஊரறிந்த முறை. சொல் மட்டும்தான் இரகசியம். 1883-இல் கெர்க்காஃப்ஸ் என்பவர் பிரெஞ்சு இராணுவ இதழ் ஒன்றில் இதையே ஒரு விதியாக எழுதினார். முறை எதிரியின் கையில் சிக்கினாலும் பாதகம் இருக்கக் கூடாது, சாவி மட்டும் நம்மிடம் இருந்தால் போதும் என்பது அதன் சாரம். இன்று வரை அந்த விதி மாறவில்லை. "எங்கள் மென்பொருளின் முறை பரம இரகசியம், யாருக்கும் காட்ட மாட்டோம்" என்று விளம்பரம் செய்பவரிடம் நாம் சரக்கு வாங்க வேண்டியதில்லை.

பாம் கருவிக் காலம்

கைக்கணினி நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1996-இல் பாம் பைலட் வந்தது. சட்டைப் பையில் அடங்கும். இரண்டு சிறிய பேட்டரிகள் போதும். குச்சியால் திரையில் எழுதலாம். சிங்கப்பூரில் இருந்த உறவினர் 2001-இல் நமக்கு ஒன்று வாங்கி வந்தார். உளுந்து, துவரை, மல்லி, வத்தல் என்று எல்லாவற்றின் அடக்க விலையையும் அதில் ஏற்றினோம். ஒவ்வொரு குறிப்பையும் 'தனிப்பட்டது' என்று அடையாளமிட்டுக் கடவுச்சொல்லும் வைத்தோம். பெட்டகத்தில் வைத்த நிம்மதி.

மாதம் ஒருமுறை அதைக் கணினியோடு இணைத்துப் பிரதி எடுக்க ஒரு கணினி மையத்துக்குப் போவோம். ஒருநாள் அங்கிருந்த பையன் அந்தப் பிரதிக் கோப்பைச் சாதாரண எழுத்து மென்பொருளில் திறந்துவிட்டு, "அண்ணாச்சி, உளுந்து உங்களுக்கு இந்த விலைக்கா விழுது?" என்று கேட்டான். பின்னால் நம் வாடிக்கையாளர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அந்த மாதம் அவருக்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் விடுகிறோம்.

நடந்தது என்னவென்றால், 'தனிப்பட்டது' என்ற அந்த வசதி குறிப்பைத் திரையில் மறைத்ததே தவிர, எழுத்துகளை மாற்றவில்லை. துண்டுக்குள் விரல் பிடிப்பதற்குப் பதிலாக, கண்ணை மூடிக்கொண்டு விலையைச் சத்தமாகச் சொன்னது போல. மறைப்பது வேறு, குறியாக்கம் வேறு. இலவச மென்பொருள் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

பிறகு பெங்களூரில் இருந்த மருமகன் 'கீரிங்' என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். இலவசம், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டி.இ.எஸ். என்ற பூட்டை மூன்று முறை அடுத்தடுத்துப் போடும் முறையில் அது வேலை செய்தது. ஒரு முறை மட்டும் போட்டால் போதாதா என்று அப்போது கேட்டோம். போதாது. அமெரிக்க அரசு 1977-இல் தரமாக ஏற்ற டி.இ.எஸ். பூட்டுக்கு எழுநூற்றுச் சொச்சம் கோடி கோடி சாவிகள் உண்டு. ஆனாலும் 1998-இல் ஒரு தன்னார்வ அமைப்பு அதற்கென்றே இயந்திரம் செய்து 56 மணி நேரத்தில் ஒரு சாவியைக் கண்டுபிடித்துக் காட்டியது. அதன் பிறகு, உலகெங்கும் வல்லுநர்கள் கலந்துகொண்ட பகிரங்கப் போட்டியில் பெல்ஜியத்துக்காரர்கள் இருவர் செய்த முறை வென்று, 2001-இல் ஏ.இ.எஸ். என்ற புதிய தரமாயிற்று. அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதன் மிகச் சிறிய சாவியே 128 பிட். சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும்.

குத்தூசி போட விடுகிறாரா?

மூட்டை வாங்கும்போது குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். "குத்தூசி போடாதே, என் வார்த்தையை நம்பு" என்று சொல்பவரிடம் வாங்குவோமா? மென்பொருளிலும் இலவசம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு. இலவசம் என்றால் காசு கேட்கவில்லை, அவ்வளவுதான். கட்டற்ற மென்பொருள் என்றால் அதன் மூல நிரலைப் பார்க்கலாம், சோதிக்கலாம், திருத்தலாம். நாம் சோதிக்கப் போவதில்லை. நமக்கு அந்தப் படிப்பும் இல்லை. ஆனால் சோதிக்கத் தெரிந்த ஆயிரம் பேருக்குக் கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதவால் கிடைத்த பலன் ஒன்று. பாம் கருவிக்கான வேறொரு இலவசப் பெட்டக மென்பொருளில், கடவுச்சொல்லைத் தானே உருவாக்கித் தரும் வசதி இருந்தது. அது உருவாக்கும் சொற்கள் பார்க்கத் தாறுமாறாக இருந்தாலும், மொத்தமே 65,536 விதங்களில்தான் அமையும் என்று 2001-இல் ஒருவர் நிரலைப் படித்துக் கண்டுபிடித்து வெளியிட்டார். கணினிக்கு அது ஒரு நொடி வேலை. பூட்டு நன்றாகவே இருந்தது; சாவி செய்த இடத்தில்தான் கோளாறு.

கதவு மூடியிருந்ததால் வந்த கேடும் உண்டு. என்.க்யூ. வால்ட் என்ற இலவசச் செயலி செல்போனில் உள்ள படங்களைக் குறியாக்கம் செய்து காப்பதாகச் சொன்னது. கோடிக்கணக்கானோர் நம்பிப் போட்டுக்கொண்டார்கள். 2015-இல் ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்தபோது, தலைப்பகுதியில் 128 பைட்டுகளை மட்டும், அதுவும் ஒரே ஒரு பைட் சாவியால் மாற்றியிருந்தது தெரிந்தது. ஒரு பைட்டில் 256 சாவிகளுக்கு மேல் இல்லை. நம் பத்தெழுத்துச் சொல்லே அதைவிடப் பல மடங்கு மேல்! கால்குலேட்டர் போல வேடமிட்டுப் படங்களை ஒளித்து வைக்கும் செயலிகளை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். பேரப்பிள்ளைகளிடமிருந்து மிட்டாயை ஒளிக்க அது போதும்.

கையிலேயே இருக்கும் பூட்டு

சிறு கடைக்காரர்கள் தேடவே வேண்டாத இலவசக் குறியாக்கம் ஒன்று போனுக்குள்ளேயே இருக்கிறது. ஐபோனில் கடவு எண் வைத்தால், தகவல் அந்த எண்ணோடு பிணைந்து குறியாக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டில் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்போடு வெளியாகும் புதிய போன்கள் எல்லாவற்றிலும் குறியாக்கம் கட்டாயமாயிற்று. விலை குறைந்த போன்களின் சில்லுக்கு ஏ.இ.எஸ். வேலையை வேகமாகச் செய்யும் வலு இருக்காது. அவற்றுக்காகவே அடியான்டம் என்ற முறையை கூகுள் வெளியிட்டது. ஆகவே குறைந்த விலைப் போனுக்கும் நல்ல பூட்டு உண்டு.

ஆனால் திரைப்பூட்டு வைக்காதவருக்கு இதனால் பயன் இல்லை. இரும்புப் பெட்டி வாங்கிச் சாவியை அதிலேயே தொங்க விட்டது போலாகும். நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 விதங்கள். ஆறு இலக்கத்துக்கு 10 லட்சம். தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் போன் காக்க வைக்கும் என்பதால் ஆறு இலக்கம் நன்றாகவே தாங்கும். கடை செல் எண்ணின் கடைசி ஆறு இலக்கம், பிள்ளை பிறந்த தேதி இரண்டும் வேண்டாம். கடையில் இருக்கும் பலகையே அவற்றைச் சொல்லிவிடும். விரலால் கோடு இழுக்கும் பூட்டும் வேண்டாம். எண்ணெய்க் கடைக்காரர் போனில் கோடு அப்படியே தெரிவதை நாமே பார்த்திருக்கிறோம்.

கடவுச்சொல் பெட்டகம்

திறந்த நிலையில் போன் பிறர் கைக்குப் போகும் நேரங்கள் உண்டு. கடைப் பையனிடம் கொடுத்து 'இந்தப் படத்தை அனுப்பு' என்கிறோம். அந்த நேரத்துக்கு உள்ளே இரண்டாவது பூட்டு வேண்டும். வங்கி, ஜி.எஸ்.டி., மின்கட்டணம், மில் ஆர்டர் போன்ற கடவுச்சொற்களை வைக்க நாம் பயன்படுத்துவது கீபாஸ் வகைப் பெட்டகம். கீபாஸ் 2003-இல் கணினிக்காக வந்தது, கட்டற்ற மென்பொருள். அதே கோப்பை ஆண்ட்ராய்டு போனில் கீபாஸ் டி.எக்ஸ்., ஐபோனில் கீபாசியம், கணினியில் கீபாஸ் எக்ஸ்.சி. திறக்கும். மூன்றுக்கும் மூல நிரல் வெளியில் இருக்கிறது. கீபாஸ் டி.எக்ஸ். செயலியை பிளே ஸ்டோரிலும், கட்டற்ற மென்பொருள்களுக்கென்றே உள்ள எஃப்-டிராய்ட் களஞ்சியத்திலும் எடுக்கலாம். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் கோப்பிலிருந்து ஒருபோதும் நிறுவ வேண்டாம். பல இடங்களில் தானாகவே ஒத்திசைய வேண்டும் என்பவர்களுக்கு பிட்வார்டன் என்ற இலவசப் பெட்டகமும் உண்டு. அது தகவலைக் குறியாக்கிய பிறகே தன் சர்வரில் வைக்கிறது.

யு.பி.ஐ. இரகசிய எண்ணைப் பெட்டகத்திலும் எழுத வேண்டாம். அது தலைக்குள் மட்டும்.

பெட்டகத்துக்குத் தலைமைக் கடவுச்சொல் ஒன்று வேண்டும். அதை நாமே யோசித்தால் குலதெய்வமும் கடைப் பெயரும்தான் வரும். நாம் செய்தது இது: கடைச் சரக்குகளில் நூற்றின் பெயரை நூறு சீட்டுகளில் எழுதி, ஒரு படியில் போட்டுக் குலுக்கினோம். ஒரு சீட்டை எடுத்துப் பெயரைக் குறித்துக்கொண்டு திரும்பப் படியிலேயே போட்டோம். இப்படி ஆறு முறை. வந்த ஆறு பெயர்களையும் வரிசை மாற்றாமல் ஆங்கில எழுத்தில் அடித்தால் அதுதான் கடவுச்சொல். சாத்தியமான வரிசைகள் ஒரு லட்சம் கோடி. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு விநாடி ஆகும்படி கீபாஸில் அமைக்கலாம். அப்படி அமைத்தால் ஆயிரம் இயந்திரங்கள் வைத்துத் தேடினாலும் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க 31 ஆண்டுகள் ஆகும். மிளகாய், வெந்தயம் போன்றவற்றை ஆங்கிலத்தில் எப்படி எழுத்துக்கூட்டுவது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நாம் அதில் ஒரு நாள் திண்டாடினோம்.

பெட்டகக் கோப்பின் பிரதி பென் டிரைவ் ஒன்றிலும் இருக்கட்டும். கோப்பு பூட்டியே இருப்பதால் பென் டிரைவ் தொலைந்தாலும் பயமில்லை.

வாட்ஸ்அப் பிரதி

நம் விலைப் பட்டியல் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. 2016 முதல் அதன் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் குறியாக்கப்பட்டே போகின்றன. ஆனால் கூகுள் டிரைவில் சேரும் பிரதிக்கு அந்தக் காப்பு இல்லாமல் இருந்தது. 2021-இல்தான் பிரதியையும் குறியாக்கும் வசதி வந்தது. அதை நாமே இயக்க வேண்டும்: செட்டிங்ஸில் சாட்ஸ், அதில் சாட் பேக்கப், அதற்குள் என்ட்-டு-என்ட் என்க்ரிப்டட் பேக்கப். கடவுச்சொல் அல்லது 64 இலக்கச் சாவி கேட்கும். அதைத் தொலைத்தால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது.

கணக்குகளை ஆடிட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்புவோர், கடைக் கணினியில் 7-ஜிப் என்ற இலவச மென்பொருளால் கடவுச்சொல் போட்டு அனுப்பலாம். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள்.

சாவியை யாரிடம் விடுவது?

இதை எழுதத் தூண்டிய சம்பவத்துக்கு இப்போதுதான் வருகிறோம். எங்கள் தெருவில் வத்தல் வியாபாரம் செய்த நண்பர் ஒருவர் நம்மைப் பார்த்துப் பெட்டகம் போட்டுக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததே நாம்தான். கைப்பேரேடு எழுதுவதை விட்டுவிட்டு, பாக்கி விவரங்களையும் அதிலேயே வைக்கத் தொடங்கினார். 2019 மாசியில் ஒருநாள் இரவு நெஞ்சுவலி; விடிவதற்குள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூத்த மகன் போனோடு வந்தார். "மாமா, அப்பா உங்ககிட்டதானே கத்துக்கிட்டார்? உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று கேட்டார். நமக்குத் தெரியாது. சாவியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று கற்றுக் கொடுத்தவர் நாம். பெயர்கள், ஊர், கடை, தேதி என்று மூன்று நாள் உட்கார்ந்து முயன்றோம். திறக்கவில்லை. நல்ல பூட்டு அப்படித்தான் இருக்கும். முறையிட ஓர் அலுவலகமும் கிடையாது.

பிள்ளைகள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். பல சில்லறை வியாபாரிகள் தங்கள் நோட்டைக் காட்டி நேர்மையாகத் தீர்த்தார்கள். சிலர் "போன வாரமே அண்ணாச்சியிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேனே" என்றார்கள். இல்லை என்று சொல்ல இவர்களிடம் ஒரு தாளும் இல்லை. அந்தச் சீசனில் மில்லுக்குக் கொடுக்க வேண்டியதற்காக நண்பரின் மனைவி நகையை விற்றார். அந்த வீட்டுப் படி ஏற நமக்கு ஓராண்டு ஆயிற்று.

அதற்குப் பிறகு நம் தலைமைக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்து வீட்டுப் பீரோவில் வைத்தோம். உறை எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கும் மூத்த மகனுக்கும் தெரியும். போனின் திரைப்பூட்டு எண்ணும் அதில் உண்டு. காகிதத்தில் எழுதக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. கணினித் திருடன் பீரோவுக்கு வரமாட்டான். பீரோத் திருடனுக்கு அந்தத் தாள் எதற்கென்று தெரியாது. நம் கருத்தில் எழுதி வைப்பதே சரி. ஆயுத பூஜையன்று உறையைப் பிரித்து, கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று மகனையே போட்டுப் பார்க்கச் சொல்கிறோம்; பிறகு புது உறை. பாக்கிப் பட்டியலை மாதம் ஒருமுறை காகிதத்திலும் எடுத்து வைக்கிறோம்.

அதிகாரி கேட்டால்

பூட்டி வைப்பது சட்டப்படி தவறில்லையா என்று சங்க உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். தவறில்லை. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட குறியாக்கக் கொள்கை வரைவில், குறியாக்கிய தகவலின் வெளிப்படைப் பிரதியை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பிறர் விவரங்களை வைத்திருப்பவர் அவற்றைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்கிறது.

ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கணக்குகளை மின்னணு முறையில் வைத்திருந்தால், அதிகாரி கேட்கும்போது அந்தக் கோப்புகளின் கடவுச்சொல்லையும் உள்ளே பயன்படுத்திய குறிகளின் விளக்கத்தையும் தர வேண்டும் என்று 57-ஆம் விதி சொல்கிறது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகள் பத்திரமாக இருக்கவும் வேண்டும். 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பது அங்கே எடுபடாது. ஆகவே வரிக் கணக்குக் கோப்புக்கு ஒரு கடவுச்சொல், சொந்தப் பெட்டகத்துக்கு வேறொன்று என்று பிரித்து வையுங்கள்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்க வேண்டாம். குறியாக்கம் உள்ள போனில் ஃபாக்டரி ரீசெட் செய்தால் உள்ளே இருக்கும் சாவியே அழிந்துவிடும். மிச்சம் கிடப்பது யாருக்கும் புரியாத எழுத்து. அதற்கு முன் பெட்டகக் கோப்பைப் புதுப் போனில் திறந்து பார்த்துவிடுங்கள்.